ஆட்டுக்காகக் கோர்ட் ஏறிய பாட்டி: விக்டோரியா தங்கவயல் வழக்குகளில் முன்னோரைத் தேடும் வழி

என் மருமகன் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பெண்டிகோ ஊர்க்காரர். அவருடைய தாத்தாவுக்குப் பாட்டி, தங்கம் கிடைக்கிறது என்று உலகமே விக்டோரியாவுக்குக் கப்பலேறிய 1850-களில் அயர்லாந்திலிருந்து வந்தவர். சம்பந்தி வீட்டில் அந்த அம்மாளைப் பற்றி இருந்தது மூன்றே தாள்: கல்யாணப் பதிவு, கடைசிப் பிள்ளையின் பிறப்புப் பதிவு, இறப்புப் பதிவு. எழுதப் படிக்கத் தெரியாதவர், கல்யாணப் பதிவில் கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறிதான் இருக்கிறது. பேத்தி ஒருநாள் அந்தக் குறியைத் தொட்டுக் காட்டி, "இவங்க எப்படிப்பட்டவங்க தாத்தா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. பல மாதம் கழித்து ஒரு பழைய செய்தித்தாளில் எட்டு வரி கிடைத்தது: பக்கத்து வீட்டுக்காரியை வாய்க்கு வந்தபடி பேசியதாக அந்த அம்மாள்மேல் வழக்கு, காரணம் ஒரு ஆடு. "என் பிள்ளைகளுக்குப் பால் தருவது அந்த ஆடுதான்" என்று மாஜிஸ்திரேட் முன்னால் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் பேசி நாங்கள் கேட்ட முதல் வார்த்தை அது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். விக்டோரியாவில் பெண் கொடுத்தோ எடுத்தோ, அந்த ஊர் வம்சம் உங்கள் வீட்டுக்குள்ளும் வந்திருந்தால், பிறப்பு இறப்புப் பதிவோடு நிறுத்திவிடாதீர்கள். கடிதமோ டைரியோ எழுதாத ஏழை மனிதர்கள் வரலாற்றில் வாய் திறந்து பேசிய ஒரே இடம் பல நேரம் இந்தக் குழாயடிச் சண்டை வழக்குகள்தான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல குடும்பங்கள் இந்த இடத்திலேயே தயங்கி நின்றுவிடுகின்றன. கோர்ட்டுக்குப் போனார் என்றதும் கெட்ட பெயர் என்று நினைக்கவேண்டாம். 1851-ல் பாலரட், காசில்மெய்ன், பெண்டிகோ பக்கமெல்லாம் தங்கம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு சில வருடங்களில் ஆயிரக்கணக்கானோர் ஒரே பள்ளத்தாக்கில் கூடாரம் அடித்துக் குடியேறினார்கள். கான்வாஸ் துணிச் சுவர், மரப்பட்டைக் குடிசை, நடுவில் வேலி கிடையாது. பக்கத்தில் இருப்பவன் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்திருப்பான், அடுத்தவன் அயர்லாந்தின் டிப்பரரியிலிருந்து, அதற்கடுத்தவன் சீனாவின் குவாங்டோங்கிலிருந்து. சொந்த ஊராக இருந்தால் பெரியவர் ஒருவர் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி முடித்திருப்பார். இங்கே அப்படி யாரும் இல்லை, கோர்ட்தான் பஞ்சாயத்து. சில ஷில்லிங் கட்டினால் சம்மன் அனுப்பிவிடலாம். அதனால் கோழி, பன்றி, அழுக்குத் தண்ணீர், துணி காயப்போடும் கொடி, பிள்ளைகள் எறிந்த கல் எல்லாமே மாஜிஸ்திரேட் முன்னால் போய் நின்றன.

ஆடும் தண்ணீரும்தான் இவற்றில் பெரிய காரணங்கள். பெண்டிகோவுக்குக் கோலிபன் ஆற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து சேர்ந்தது 1877-ல்தான், அதுவரை கோடையில் ஒரு வாளித் தண்ணீருக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தங்கமண்ணைக் குதிரை கட்டிச் சுற்றிக் கலக்குகிற பட்லிங் இயந்திரங்கள் விட்ட சேறு வேறு ஓடைகளை அடைத்து, அடுத்தவன் வாசலில் போய்த் தேங்கியது. அந்தச் சேற்றை என்ன செய்வது என்று விசாரிக்க 1858-59-ல் ஒரு ராயல் கமிஷனே போட்டார்கள்.

எந்த வழக்கு எந்தக் கோர்ட்டில்

இது புரியாமல் தேடினால் தவறான பெட்டியைத் திறந்துகொண்டே இருப்பீர்கள். பாலரட் சுரங்கக்காரர்கள் அரசை எதிர்த்து எழுந்த யுரேகா கலவரம் 1854 டிசம்பர் 3-ல் நடந்தது. 1851-ல் மாதம் 30 ஷில்லிங் என்று தொடங்கிய, தங்கம் தோண்டுவதற்கான லைசென்ஸ் கட்டணத்துக்கு எதிராக எழுந்த கோபம் அது. அதற்குப் பிறகு 1855-ல் எல்லாம் மாறியது. லைசென்ஸ் போய், வருடத்துக்கு 1 பவுண்டு கட்டினால் கிடைக்கும் மைனர்ஸ் ரைட் என்ற சீட்டு வந்தது. தோண்டவும், அரசு நிலத்தில் ஒரு துண்டில் குடியிருக்கவும், ஓட்டுப் போடவும் அது உரிமை கொடுத்தது. தோண்டும் தகராறுகளைத் தீர்க்க, சுரங்கக்காரர்களே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த லோக்கல் கோர்ட்டுகளும் அப்போது வந்தன. யுரேகாவில் கைதாகி விடுதலையான இத்தாலியர் ரஃபாயெல்லோ கார்போனி அதே வருடம் பாலரட் லோக்கல் கோர்ட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1857 சட்டம் இந்த லோக்கல் கோர்ட்டுகளை எடுத்துவிட்டு, விதி போடும் வேலையை மைனிங் போர்டுகளுக்கும், தகராறு தீர்க்கும் வேலையை வார்டன் என்ற தங்கவயல் அதிகாரியின் கோர்ட்டுக்கும் அதற்கு மேலே கோர்ட் ஆஃப் மைன்ஸுக்கும் கொடுத்தது.

ஆக, சண்டை குழியைப் பற்றியது என்றால் வார்டனிடம் தேடுங்கள். என் எல்லைக்குள் வந்து தோண்டினான், நான் வேலைக்கு வராத நாளில் என் கிளெய்மை, அதாவது தோண்ட எனக்கு உரிமையான துண்டு நிலத்தை, பிடித்துக்கொண்டான், என் வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிவிட்டான் என்ற மாதிரி வழக்குகள் அங்கேதான் போயின. சண்டை வீட்டைப் பற்றியது என்றால், அதாவது அடிதடி, வசவு, மிரட்டல், வேலி, ஆடுமாடு, சின்னக் கடன் என்றால், பெட்டி செஷன்ஸ் என்ற சில்லறை வழக்குக் கோர்ட். செய்தித்தாள்கள் இதையே போலீஸ் கோர்ட் என்று எழுதும். ஒரு போலீஸ் மாஜிஸ்திரேட்டும், சம்பளம் இல்லாமல் உட்காரும் உள்ளூர் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்களும்தான் பெஞ்சில் இருப்பார்கள். இரண்டு கோர்ட்டிலும் ஒரே குடும்பம் வருவது உண்டு, ஏனென்றால் காலையில் குழியில் முட்டிக்கொண்ட இரண்டு ஆண்களின் மனைவிமார் சாயங்காலம் தண்ணீர்க் குட்டையடியில் முட்டிக்கொள்வார்கள். அதனால் ஒன்று கிடைத்தால் மற்றதிலும் அதே வாரத்தைத் தேடிப் பாருங்கள்.

தேடுவதற்கு முன்னால்

ஊரும் வருடமும் தெரியாமல் தேட ஆரம்பிக்காதீர்கள். விக்டோரியாவில் அரசுப் பிறப்பு-இறப்புப் பதிவு 1853 ஜூலை 1-ல் தொடங்குகிறது. ஒவ்வொரு பிள்ளையின் பிறப்புப் பதிவிலும் பிறந்த இடம் இருக்கும், அவற்றை வரிசையாக அடுக்கினால் குடும்பம் எந்த வருடம் எந்தப் பள்ளத்தில் இருந்தது என்ற வரைபடம் தானாக வந்துவிடும். இறப்புப் பதிவு இன்னும் நல்லது: பெற்றோர் பெயர், தாயின் பிறந்தகப் பெயர், பிறந்த ஊர், கல்யாணம் எங்கே, விக்டோரியாக் குடியேற்றத்தில் எத்தனை வருடம் இருந்தார், பிள்ளைகள் பெயரும் வயதும் என்று ஒரே தாளில் கொட்டிக் கிடக்கும். சொன்னவருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அதில் உண்மை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கம் தேடியவர்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1857-ல் அராரட், 1861-ல் நியூசிலாந்தின் ஒட்டாகோ என்று புதுச் செய்தி வந்த பக்கமெல்லாம் ஓடினார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் ஐந்து வருட இடைவெளி இருந்தால் அப்பா ஒட்டாகோ போயிருக்கலாம், அம்மா தனியாகக் குடும்பம் நடத்தியிருக்கலாம். அப்படித் தனியாக இருந்த வருடங்களில்தான் பக்கத்து வீட்டோடு உரசலும் அதிகம். அந்த இடைவெளியை முதலில் தேடுங்கள்.

ஊர்ப் பெயரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பெண்டிகோவின் அதிகாரப்பூர்வப் பெயர் 1891 வரை சாண்ட்ஹர்ஸ்ட். நான் முதல் மூன்று வாரம் பெண்டிகோ என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தேன், சாண்ட்ஹர்ஸ்ட் என்று போட்ட அன்றுதான் கதவு திறந்தது.

செய்தித்தாளில் தேடுவது

ஆஸ்திரேலிய தேசிய நூலகம் நடத்தும் டிரோவ் என்ற தளம் இலவசம். பெண்டிகோ அட்வர்டைசர், பாலரட்டின் ஸ்டார், காசில்மெய்னின் மவுண்ட் அலெக்சாண்டர் மெயில், பீச்வொர்த்தின் ஓவன்ஸ் அண்ட் மரே அட்வர்டைசர் எல்லாம் 1850-களிலிருந்தே அதில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் போலீஸ் கோர்ட்டில் நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு சில்லறை வழக்கையும் எழுதினார். நமக்கு அது கொடை. ஏனென்றால் பெட்டி செஷன்ஸில் அங்கேயே விசாரித்து முடித்த சின்ன வழக்குகளின் சாட்சியம் பொதுவாக எழுத்தில் தங்காது, கோர்ட் பதிவேட்டில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். யார் என்ன சொன்னார் என்பது பத்திரிகையில் மட்டும்தான்.

டிரோவில் இருக்கும் எழுத்து, கணினி படம் பார்த்துத் தட்டியது. மங்கிய அச்சில் அது தடுமாறும், ஆங்கிலத்தின் "இ"யை "சி" என்று படிக்கும், "ஹெச்"சை "பி" என்று படிக்கும். ஆகவே குடும்பப் பெயரை நான்கைந்து விதமாகத் தவறாக எழுதித் தேடுங்கள். அயர்லாந்துப் பெயர் என்றால் முன்னால் இருக்கும் ஓ-வையும் மெக்-கையும் எடுத்துவிட்டும் தேடுங்கள், காதில் விழுந்தபடிதான் நிருபர் எழுதினார். அப்புறம் எனக்கு மிக அதிகம் உதவிய வழி இது: இரண்டு குடும்பப் பெயர்களையும் ஒன்றாக மேற்கோள் குறிக்குள் போட்டு, அதன் பின்னால் அலைக்குறியும் (~) 10 என்ற எண்ணும் சேர்த்தால், அந்த இரண்டு பெயரும் பத்து வார்த்தை தூரத்துக்குள் வருகிற செய்திகளை மட்டும் காட்டும். எதிராளி பெயர் தெரியாதபோது என்ன செய்வது? குடும்பப் பெயரோடு அசால்ட், அபியூசிவ் லாங்குவேஜ், இன்சல்டிங், டிரெஸ்பாஸ், கோட், ஃபென்ஸ், நெய்பர் போன்ற சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள், ஒரு பத்திரிகை, ஒரு பத்தாண்டு என்று வடிகட்டிக்கொண்டு.

ஒரு வழக்கு கிடைத்தால் அதோடு எழுந்துவிடாதீர்கள். முந்தின வாரம், அடுத்த வாரம், அடுத்த மாதம் மூன்றையும் பக்கம் பக்கமாகப் புரட்டவேண்டும். "ஒரு வாரம் ஒத்திவைப்பு" என்று இருந்தால் முடிவு வேறு தேதியில் இருக்கும். எதிர்ச் சம்மன் என்று ஒன்று உண்டு, நீ என்மேல் போட்டால் நானும் உன்மேல் போடுகிறேன் என்ற கதை. அதில் வாதி பெயரும் பிரதிவாதி பெயரும் இடம் மாறும், இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் யார் வாளியை முதலில் தூக்கினார் என்பது தெரியும். ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு உங்கள் பாட்டிக்காகக் கோபப்படுவது அவசரம். அப்படியே அந்தக் கணினி எழுத்தைத் திருத்தி வைத்துவிட்டும் போங்கள், டிரோவில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எனக்குக் கிடைத்த எட்டு வரி, முன்பின் தெரியாத யாரோ ஒருவர் பெயரைச் சரியாகத் திருத்தி வைத்திருந்ததால் கிடைத்ததுதான்.

எட்டு வரியை எப்படிப் படிப்பது

ஒரு செய்தி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பெண் பக்கத்து வீட்டுப் பெண்மேல் வசவு வழக்குப் போடுகிறாள். தன் முட்டைக்கோஸை அவள் ஆடு மேய்ந்துவிட்டது, ஆட்டைக் கொண்டித்தொழுவத்தில் அடைக்கப் போனபோது சந்தில் நின்று திட்டினாள் என்கிறாள். எதிர் வீட்டு மனைவி ஒருத்தி பார்த்ததாகச் சொல்கிறாள். பிரதிவாதி, தான் தன் வாசலுக்குள்தான் நின்றேன் என்கிறாள். 10 ஷில்லிங் அபராதம், செலவு தனி, கட்டாவிட்டால் மூன்று நாள் சிறை.

இந்த மாதிரிச் செய்தியை நான் எழுந்து நடந்து யோசித்து யோசித்துப் படிப்பேன். முட்டைக்கோஸ் இருக்கிறது என்றால் தோட்டம் இருக்கிறது, தோட்டம் இருக்கிறது என்றால் அவர்கள் இனி போகிற எண்ணத்தில் இல்லை, நிலைத்துவிட்டார்கள். ஆடு இருக்கிறது என்றால் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கக்கூடும், பிறப்புப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாசலா சந்தா என்று ஏன் அவ்வளவு வாதம்? வசவு பொது இடத்தில் நடந்தால்தான் குற்றம், அதனால்தான் எங்கே நின்றாள் என்பது வழக்கின் உயிர்நாடி ஆகிறது, நமக்கோ அது வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறது: பக்கத்தில் ஒரு சந்து, வேலி இல்லாத முன்வாசல். அபராதத்தை அந்தக் காலக் கூலியோடு வைத்துப் பாருங்கள். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. பிந்தைய ஆண்டுகளில் பெண்டிகோ சுரங்கத்தில் ஒரு நாள் கூலி 7 ஷில்லிங் 6 பென்ஸ் என்பது வழக்கமான கணக்கு. அப்படியென்றால் இந்த 10 ஷில்லிங், ஒரு நாள் முழுக்க நிலத்தடியில் உழைத்த கூலிக்கும் மேலே. கட்டினார்களா, சிறைக்குப் போனாளா என்று தேட அதுவே காரணம். பத்திரிகையில் பென்ஸைக் குறிக்க ஆங்கில "டி" எழுத்து போட்டிருப்பார்கள், லத்தீன் தினாரியஸிலிருந்து வந்த பழக்கம், அதைப் பார்த்துக் குழம்பவேண்டாம்.

இதில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் அந்தச் சாட்சிதான். யார் ஜெயித்தார் என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள் பெரும்பாலோர். சம்பாத்தியத்தை விட்டுவிட்டு அரை நாள் கோர்ட்டில் வந்து நிற்க யார் வருவார்? அக்கா, தங்கை, நாத்தனார், ஒரே கப்பலில் வந்தவர், ஒரே ஊர்க்காரர். எங்கள் வழக்கில் சாட்சி சொன்ன பெண்ணின் பெயர் சம்பந்தி வீட்டில் யாருக்கும் தெரியாத பெயர். அந்தப் பெயரை வைத்துக் கல்யாணப் பதிவைத் தேடினேன், பெற்றோர் பெயர் நம் பாட்டியின் பெற்றோர் பெயரோடு அப்படியே பொருந்தியது. கூடப் பிறந்த தங்கை! நூற்றைம்பது வருடமாகக் குடும்ப மரத்தில் இல்லாத ஒரு கிளை ஒரு ஆட்டு வழக்கில் இருந்தது.

பதிவேடும் ஆவணக் காப்பகமும்

பத்திரிகையில் தேதி கிடைத்ததும் விக்டோரியா அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். மெல்போர்னில் நார்த் மெல்போர்ன் பகுதியில் அதன் படிப்பறை, பாலரட்டிலும் ஒன்று, பெண்டிகோ நூலகத்தில் பெண்டிகோ வட்டார ஆவண மையம். பெட்டி செஷன்ஸ் பதிவேடுகள் ஊர்வாரியாக, தேதி வரிசையில் இருக்கும். பல ஊர்ப் பதிவேடுகளை வீட்டிலிருந்தே திரையில் பார்க்கலாம். வாதி, பிரதிவாதி, காரணம், முடிவு, அபராதம், செலவு, பெஞ்சில் உட்கார்ந்தவர் கையெழுத்து என்று பத்தி பத்தியாக ஓடும். பத்திரிகைக்காரர் விட்டுவிட்ட வழக்குகளும் இதில் இருக்கும், "வாபஸ்", "இருவரும் வரவில்லை" என்று ஒற்றை வார்த்தையில். அந்த வாபஸ்களை ஒதுக்காதீர்கள். திங்களன்று சம்மன் வாங்கி வியாழனன்று வாபஸ் வாங்கியிருந்தால் நடுவில் யாரோ சமாதானம் பேசியிருக்கிறார்கள். ஒரே இரண்டு பெயர்கள் வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால், அது ஆட்டுப் பிரச்சினை இல்லை, நில எல்லைப் பிரச்சினை என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

சண்டை பெரிதாகி மேல் கோர்ட்டுக்குப் போயிருந்தால் உங்களுக்கு நல்ல காலம், ஏனென்றால் அங்கே சாட்சியங்களை எழுதி, சாட்சி கையெழுத்தோ கைநாட்டோ போட்டு வைத்திருப்பார்கள். குற்றவியல் வழக்குக் கட்டுகள் காப்பகத்தில் 30-ஆம் தொடர். மரண விசாரணை அறிக்கைகள் 24-ஆம் தொடர், குழியில் விழுந்தோ தீப்பிடித்தோ இறந்தவர்களைப் பற்றி முதலில் ஓடிவந்து சாட்சி சொன்னதும் அதே பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். சிறைப் பதிவேடு ஆண்களுக்கு 515, பெண்களுக்கு 516, உயரம், கண் நிறம், தழும்பு, பிறந்த ஊர், வந்த கப்பல் என்றெல்லாம் இருக்கும். உயில்கள் 7591, சொத்துக் கணக்குக் கோப்புகள் 28. இந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தேடல் பெட்டியில் பெயரோடு தொடர் எண்ணைக் கொடுத்தால் குப்பை பாதி குறையும்.

எல்லைத் தகராறு என்று சந்தேகம் வந்தால் நகராட்சி வரிப் பதிவேடும், நிலத் துண்டுகளைக் காட்டும் பாரிஷ் வரைபடமும் எடுக்கவேண்டும். வரிப் பதிவேட்டில் தெரு வரிசையில் பெயர் ஓடுவதால் உங்கள் ஆளுக்கு மேலேயும் கீழேயும் இருக்கும் பெயர்கள்தான் அண்டை வீடுகள். வழக்கில் வந்த பெயர் அங்கே இருந்தால் ஆள் அடையாளம் உறுதி. ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் ஊரில் இந்த ஒரு சோதனை இல்லாமல் எந்த வழக்கையும் குடும்ப மரத்தில் ஏற்றாதீர்கள். இரண்டு வீட்டார் அங்குலக் கணக்கில் அடித்துக்கொண்ட அந்த நிலம் அதற்கு முன்னால் யாருடையது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்பது என் எண்ணம். பெண்டிகோ ஜா ஜா வுரங் மக்களின் மண், பாலரட் வாதவுரங் மக்களின் மண். அவர்களிடம் யாரும் மைனர்ஸ் ரைட் கேட்கவில்லை.

பெயர்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை

சீனர்கள் விக்டோரியா தங்கவயலில் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். 1855-ல் அவர்கள்மேல் தலைக்கு 10 பவுண்டு வரி போட்டபோது பலர் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே வந்தார்கள். உங்கள் தேடலில் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் பெயர் "ஆ" என்று தொடங்கினால் அதைக் குடும்பப் பெயர் என்று எழுதிவிடாதீர்கள். கான்டன் மொழியில் பெயருக்கு முன்னால் பழக்கத்தில் சேர்க்கும் ஒட்டு அது. தலைப்பெழுத்தாக இருக்கும் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதிக்கொள்கிற அலுவலகங்களில் அல்லாடிய நமக்கு இது சொல்லாமலே புரியும். சீனர் வழக்கில் மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சாட்சியம் போனது, நிருபர் கேட்டது மூன்றாவது கை. அதை அப்படியே அவர் சொன்னதாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

பெண்கள் விஷயத்தில் கணவன் பெயரையும் தேடுங்கள், முதல் பெயரே இல்லாமல் "இன்னாருடைய மனைவி" என்று மட்டும் வரும். சொத்து, கடன் என்றால் வழக்கு கணவன் பெயரில்தான் நடந்திருக்கும், அடித்தாள் திட்டினாள் என்றால் பெண்ணே நேராக வந்திருப்பாள். மறுமணம் ஆகியிருந்தால் பெயர் மாறியிருக்கும்.

அப்புறம் அந்த நிருபர்களின் தொனி. ஐரிஷ் பெண்களின் உச்சரிப்பை அப்படியே எழுதிக் கேலி செய்வது, சீனர்களைச் சிறுமைப்படுத்துவது, பெண்கள் சண்டையை வேடிக்கையாக எழுதுவது எல்லாம் அந்தக் காலப் பத்திரிகையில் சகஜம். "கோர்ட்டில் சிரிப்பு" என்று போட்டிருந்தால் யார் சிரித்தார்கள், யாரைப் பார்த்து என்று கேளுங்கள். அடி வாங்கிய ஒரு மனைவியின் வழக்கைக்கூட அப்படி எழுதியிருப்பதை நான் படித்திருக்கிறேன், படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. தேதி, பெயர், இடம், தொகை ஆகியவற்றை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிரிப்பை எடுத்துக்கொள்ளவேண்டாம்.

குடும்பத்தில் சொல்லும்போதும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அடுத்த வீட்டுக்காரரின் வாரிசுகளும் இன்று அதே ஊரில் இருக்கக்கூடும். அவர்கள் பாட்டியைப் பற்றி நாம் ஒரு பக்கச் செய்தியை வைத்துக்கொண்டு பேசக்கூடாது. கிடைத்ததை எழுதி வைக்கும்போது பத்திரிகை பெயர், தேதி, பக்கம், டிரோவ் கட்டுரை எண், காப்பகம் என்றால் தொடர் எண்ணும் கட்டு எண்ணும் உடனே எழுதிவிடுங்கள். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட இரண்டு செய்திகளை நான் இன்னும் மறுபடி கண்டுபிடிக்கவில்லை. டிரோவில் ஏறாத பத்திரிகைகளும் உண்டு, உள்ளூர் நூலக மைக்ரோஃபிலிமையும் ஊர் வரலாற்றுச் சங்கத்தையும் கேட்டுப் பாருங்கள். அங்கே இருக்கும் பெரியவர்கள் எந்தச் சந்து எங்கே இருந்தது என்று விரலால் காட்டிவிடுவார்கள்.

எங்கள் பாட்டியின் சந்து இப்போது ஒரு தார் ரோடு. பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய், வரிப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக எண்ணி, இங்கேதான் வாசல் இருந்திருக்கும் என்று ஒரு இடத்தில் நின்றோம். அவள் எதிர்ப் பக்கம் போய் நின்றுகொண்டு, "அந்தத் தங்கச்சிப் பாட்டி இங்கே நின்னுதான் பார்த்தாங்களா?" என்றாள். தங்கைக்கு எத்தனை பிள்ளைகள் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம், இரண்டு கிடைத்திருக்கிறது.